ஒருபோதும் இல்லை

காஸ் துணி மடிக்கிற வேலையை ரோஸ்லின் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை. மத்தியானம் மருந்துச் சீட்டுக்கு வந்த கூட்டம் கலைந்துபோன பிறகு, பிரசவ அறைக்கு முன்னால் கிடக்கும் நீள மேசையைத் துடைத்து, சலவைத் துணி விரித்து, சுருளை அதன்மேல் உருட்டிவிடுவாள். ஒரு சாண் அகலத்துக்குத் துண்டு போடவேண்டும். நூல் பிரிந்த ஓரம் உள்ளே போகும்படி இரண்டு மடிப்பு, குறுக்கே ஒரு மடிப்பு, உள்ளங்கையால் அழுத்தி ஒரு தேய்ப்பு. பத்துப் பத்தாக அடுக்கி எவர்சில்வர் டிரம்மில் போட்டு ஆவிக்கு வைத்தால், அடுத்த நாள் வருகிறவர்களின் காயத்துக்கு ஆயிற்று.

"குடுங்க நர்ஸம்மா, நானும் நாலு மடிக்கிறேன்" என்று வாசலில் விளக்குமாற்றோடு உட்கார்ந்திருந்த இருசாயி கேட்டாள். மலைக்காரி. ஆஸ்பத்திரியைக் கூட்டிப் பெருக்குவதிலிருந்து பிரசவத்துக்கு வெந்நீர் வைப்பதுவரை அவள்தான்.

"நீ மடிச்சா நூலு வெளிய நிக்கும். நூலு புண்ணுக்குள்ள போயிரும்."

"நேத்து சின்ன நர்ஸம்மா குடுத்தாங்களே."

"அவ எதையும் குடுப்பா."

இருசாயி சிரித்தாள். பிறகு ரொம்ப நாளாகக் கேட்க நினைத்ததைக் கேட்கிறவள் போல முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். "ஏனுங்க, நீங்க ரெண்டு பேரும் ஒரே ஊட்டுலதான இருக்கறீங்க? ஒரு நாளு ஒண்ணா உக்காந்து சோறு தின்னு நான் பாக்கலீங்களே. சண்டைங்களா?"

"சண்டை போடணும்னாலும் ரெண்டு பேரும் ஒரே நேரத்துல முழிச்சிருக்கணும்ல, இருசாயி?"

விளையாட்டுக்குச் சொன்னதில்லை அது. அந்த ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு மூன்று செவிலியர் பணியிடம். மூன்றாமவள் கல்யாணமாகிக் கோயம்புத்தூருக்கு மாற்றல் வாங்கிப் போய் பதினான்கு மாதம் ஆகிறது. ஒரு நாளை எட்டெட்டு மணி நேரமாக மூன்று பேர் பங்கிட்டதுபோய், பன்னிரண்டு பன்னிரண்டு மணி நேரமாக இரண்டு பேர் பங்கிட்டுக்கொண்டார்கள். ஒரு வாரம் இவள் பகல், அவள் ராத்திரி; அடுத்த வாரம் மாற்றி. கீழே இருந்து புதிதாக யாரும் வரவில்லை. எழுபது வளைவு ஏறி வந்து பார்த்துவிட்டு, அதே பஸ்ஸில் இறங்கிப்போன ஒரு பெண் மட்டும் உண்டு.

ஆஸ்பத்திரிக்குப் பின்னால் பலா மரத்தடியில் அவர்களுக்கான வீடு. அறை இரண்டு. போன ஐப்பசி மழையில் ஓர் அறையின் கூரை பெயர்ந்து விழுந்தது முதல் இருப்பது ஒன்று. அதில் ஓர் இரும்புக் கட்டில். இன்னொன்று போட இடமில்லை, தேவையும் இல்லை. ஒருத்தி எழுந்து போன சூட்டிலேயே இன்னொருத்தி வந்து படுத்துக்கொள்வாள். காலை எட்டு மணிக்கும் ராத்திரி எட்டு மணிக்கும் பிரசவ அறை வாசலில் கால் மணி நேரம் பார்த்துக்கொள்வார்கள். அதிலும் பேச்செல்லாம் யாருக்குக் கர்ப்பப்பை வாய் எத்தனை விரல் திறந்திருக்கிறது, யாருக்குச் சலைன் போகிறது என்பதாகத்தான் இருக்கும்.

ஆகவே சின்ன நர்ஸ் கிருஷ்ணகுமாரியை ரோஸ்லின் அறிந்துவைத்திருந்தது, அவள் வீட்டில் விட்டுப்போகிற பொருள்களின் வழியாகத்தான். வந்த புதிதில் ரசத்தின்மேல் தட்டு மூடி, தட்டின்மேல் ஒரு சீட்டு இருக்கும்: 'அக்கா, பெருங்காயம் தீர்ந்துடுச்சுங்க.' சீட்டில்கூட 'ங்க' போடுகிற பெண். திருச்செங்கோட்டுப் பக்கம். இருபத்தெட்டு வயது. புருஷன் நந்தகுமார் லாரியில் வடக்கே போனால் திரும்ப இருபது நாள். மூன்று வயதுப் பெண் குழந்தை ஊரில் அம்மாயியிடம், கிருஷ்ணகுமாரியின் அம்மாவிடம், வளர்கிறது.

இப்போதெல்லாம் சீட்டு இருப்பதில்லை. பால் பொங்கித் தீய்ந்த பாத்திரம் தண்ணீர் ஊற்றிய நிலையில் மூலையில் இருக்கும். குழம்பில் உப்பு இரண்டு தரம் விழுந்திருக்கும். ஒருநாள் பின்கட்டுக் குழாய் திறந்தபடியே கிடந்து, தொட்டி காலியாகிப்போயிருந்தது. ஒரே பெண்ணின் ரத்த அழுத்தத்தை ஒரு மணி நேரத்துக்குள் மூன்று முறை பார்த்து, மூன்று முறையும் அதே எண்ணைப் பதிவேட்டில் எழுதியிருந்தாள். ரோஸ்லின் எல்லாவற்றையும் பார்த்தாள். சின்னப் பெண், தூக்கம் பத்தவில்லை என்று நினைத்துக்கொண்டாள். பாத்திரத்தைச் சாம்பல் போட்டுத் தேய்த்து வைத்தாள். அதுபற்றி வாய் திறக்கவில்லை. குறை சொல்வதுபோல் ஆகிவிடக் கூடாது பாருங்கள்.

ரோஸ்லினுக்கு நாற்பத்தாறு. திண்டுக்கல்லில் மிஷன் ஆஸ்பத்திரியில் படித்தவள். தனியார் இடங்களில் பதின்மூன்று வருஷம் நின்று, பரீட்சை எழுதி அரசு வேலைக்கு வந்தபோது மலைக்குப் போட்டார்கள். ஒரு வருஷம் பார்த்துவிட்டு மாற்றல் கேட்கலாம் என்று வந்தவள்தான், ஒன்பது ஆயிற்று. தாய் தகப்பன் இல்லை. கல்யாணப் பேச்சு இரண்டு தடவை வந்து, இரண்டு தடவையும் மற்றவர்கள் தள்ளிப்போட, அப்படியே தள்ளிப்போய்விட்டது. தம்பி வீடு கட்டினபோது மாடியில் ஓர் அறையைக் காட்டி, "இது உனக்குக்கா" என்றான். கிறிஸ்துமஸுக்குப் போனால் அதில் தம்பி மகளின் மேசையும் புத்தகமும் இருக்கும். ரோஸ்லின் கூடத்தில் பாய் போட்டுப் படுத்துவிட்டு, இரண்டாம் நாளே டூட்டி என்று சொல்லிக் கிளம்பிவிடுவாள். மலையில் அவளைத் தெரியாத வீடு இல்லை. சாமை அறுப்பில் எதிர்ப்படுகிற பெண்கள் எல்லாம் "நர்ஸம்மா, இவனை நீங்கதான் புடிச்சு எடுத்தீங்க" என்று பையன்களைத் தள்ளிவிட்டுக் காட்டுவார்கள். காட்டிவிட்டு வேலையைப் பார்க்கப் போவார்கள்.

வெளியே ஜீப் வந்து நின்றது. தடுப்பூசிப் பெட்டி கொண்டுவருகிற சென்றாயன். பெட்டியை இறக்கி வைத்துவிட்டு, மடித்த துணிக்குப் பக்கத்தில் ஒரு காக்கி உறையைப் போட்டார்.

"இதுல ஏதோ ஃபாரம் இருக்குதுங்க சிஸ்டர். ரொப்பிக் கையோட வாங்கியாரச் சொன்னாங்க. பத்து நிமிசத்துல குடுத்தீங்கன்னா புண்ணியமாப் போவும். பனி எறங்குது, வளைவுல ஒண்ணும் தெரியாது."

உறைக்குள் மூன்று படிவங்கள். டாக்டருக்கு ஒன்று, செவிலியருக்கு இரண்டு. மேலே 'பணியாளர் நலன்' என்று தலைப்பு. கீழே பதினான்கு கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் நேராக நான்கு கட்டம்: ஒருபோதும் இல்லை, எப்போதாவது, அடிக்கடி, எப்போதும். 'காலையில் எழும்போதே களைப்பாக உணர்கிறீர்களா?' 'நோயாளிகளிடம் காரணமின்றி எரிச்சல் வருகிறதா?' 'செய்துகொண்டிருக்கும் வேலை பாதியில் மறந்துபோகிறதா?' டாக்டரின் படிவத்தை இருசாயி உள்ளே கொண்டுபோனாள்.

படிவம் என்றால் ரோஸ்லினுக்கு ஒரு பழைய பாடம் உண்டு. மலைக்கு வந்த முதல் வருஷம், காற்று மழையில் இரண்டு நாள் கரண்டு போனது. தடுப்பூசிக் குளிர்பெட்டியைத் திறந்து பார்த்தவள் உடனே மருந்தை எல்லாம் ஐஸ் பெட்டிக்கு மாற்றினாள். ஒன்றுகூடக் கெடவில்லை. ஆனால் தினசரி வெப்பநிலைத் தாளில், எட்டு டிகிரியைத் தாண்டக் கூடாத இடத்தில், பார்த்தது பார்த்தபடி பதினொன்று என்று எழுதிவிட்டாள். அந்தப் பதினொன்றுக்கு விளக்கம் கேட்டு மூன்று கடிதம் வந்தது. மூன்று தடவை மலை இறங்கி, ஆபீஸ் வராந்தாவில் சாயங்காலம்வரை நின்று பதில் சொன்னாள். அதற்குப் பிறகும் கரண்டு போகும். அதற்குப் பிறகும் மருந்தை மாற்றுவாள். தாளில் மட்டும் நாலு, அஞ்சு, நாலு என்றே இருக்கும். மேலே போகிற தாளில் கட்டம் எதுவும் காலியாக இருக்கக் கூடாது, எதுவும் முழித்துக்கொண்டு நிற்கவும் கூடாது. பின்னால் வந்தவர்களுக்கெல்லாம் அவள் சொல்லிக்கொடுத்த முதல் பாடமும் இதுதான்.

பேனாவை எடுத்தாள். முதல் கட்டத்தில் வரிசையாக டிக் அடித்துக்கொண்டே இறங்கினாள். ஒன்பதாவதில் மட்டும் கை ஒரு நிமிஷம் நின்றது. 'மனதில் உள்ளதைச் சொல்ல ஆள் இல்லை என்று உணர்கிறீர்களா?' அதற்கும் ஒருபோதும் இல்லை. கையெழுத்து.

அடுத்தது கிருஷ்ணகுமாரியுடையது. ராத்திரி அவளுக்கு இரண்டு பிரசவம். இரண்டாவது தாயைக் கீழே அனுப்ப வேண்டியிருந்ததால் ஆம்புலன்ஸ் வந்து போகும்வரை நின்றுவிட்டு, பதினோரு மணிக்குமேல்தான் போய்ப் படுத்தாள். இப்போது மணி மூன்றரை. இருபது தப்படி நடந்தால் வீடு. கதவைத் தட்டி எழுப்பினால் பதறி எழுந்து உட்காருவாள். பிறகு தூக்கம் வராது. ராத்திரி மறுபடி டூட்டி.

'தூங்கட்டும்' என்று ரோஸ்லின் நினைத்தாள். இரண்டாவது தாளிலும் டிக் முதல் கட்டத்திலேயே வரிசையாக இறங்கியது. அடியில் 'கி.குமாரி' என்று போட்டாள். வருகைப் பதிவேட்டில் ஒருவருக்கொருவர் போட்டுப் பழகின கையெழுத்து, அசலுக்கும் இதற்கும் வித்தியாசம் தெரியாது.

சென்றாயன் உறையை வாங்கிக்கொண்டு போனார். ரோஸ்லின் பதிவேட்டில், 'தடுப்பூசி பெறப்பட்டது. படிவங்கள் அனுப்பப்பட்டன' என்று எழுதிவிட்டு மிச்சத் துணியை மடித்தாள்.

அதற்கு நான்கு வாரம் கழித்து ஒரு காலை. கிருஷ்ணகுமாரி ராத்திரி டூட்டியை ஒப்படைத்துவிட்டு, போகாமல் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கண் உள்ளே போயிருந்தது. சட்டைப் பொத்தான் ஒன்று மாறிப் போட்டிருந்தாள்.

"அக்கா, அந்த ஃபாரம் நமக்கு வந்துச்சுங்களா?"

"எந்த ஃபாரம்?"

"நல்லாருக்கறமா இல்லியான்னு கேக்கற ஃபாரமுங்க. பதினாலு கேள்வி. என்ற கூடப் படிச்ச புள்ள ஒருத்தி கீழ வேற சென்டர்ல இருக்கறா, அவ எழுதிக் குடுத்துட்டாளாம். கேள்வியெல்லாம் போட்டோ எடுத்து எனக்குப் போட்டுவிட்டா. அதுல நெறைய மார்க்கு வாரவங்களுக்குப் பதினஞ்சு நாளு லீவு தாராங்களாமா. கவுன்சிலிங் மேடம் ஊட்டுக்கே போன் பண்ணிப் பேசறாங்களாமா. நம்ம எடத்துக்குக் கீழயிருந்து வேற நர்ஸையே அனுப்பறாங்களாமுங்கக்கா."

ரோஸ்லின் பதிவேட்டின் பக்கத்தைப் புரட்டினாள். புரட்டின பக்கத்தை மறுபடி திருப்பினாள்.

"நமக்கு இன்னும் வரல போலிருக்குதுங்க" என்று கிருஷ்ணகுமாரியே சொன்னாள். "மலைக்கு எல்லாமே கடைசியாத்தான வருது. மழையைத் தவிர." தான் சொன்னதற்குத் தானே சிரித்தாள். அவள் சிரித்து ரோஸ்லின் பார்த்து எத்தனையோ நாளாயிற்று.

"வரும்" என்றாள் ரோஸ்லின். "போயித் தூங்கு கண்ணு."

வாயிலிருந்து அந்த 'வரும்' எப்படி வந்தது என்று அவளுக்கே விளங்கவில்லை. கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். வாசலைத் தாண்டுவதற்குள் சொல்லியிருக்கலாம். ஆனால் வரிசையில் முதலாவதாக நின்ற கிழவர் அடிபட்ட கட்டைவிரலை நீட்டிக்கொண்டு உள்ளே வந்துவிட்டார்.

மத்தியானம் சாப்பிட வீட்டுக்குப் போனாள். ஜன்னலில் துண்டைக் கட்டி வெளிச்சத்தை மறைத்துக்கொண்டு கிருஷ்ணகுமாரி சுவரைப் பார்த்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். காலில் சாக்ஸைக்கூடக் கழற்றவில்லை. ரோஸ்லின் சத்தமில்லாமல் தட்டில் போட்டுக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். கட்டிலுக்கடியில் ஒரு தாள் கிடந்தது. காலண்டர் தாள், பின்பக்கம் எழுத்து. கடைச் சாமான் பட்டியல் என்று நினைத்து எடுத்தாள்.

ஒன்றிலிருந்து பதினான்கு வரை எண். எதிரே பதில். எப்போதும். எப்போதும். அடிக்கடி. எப்போதும். ஒன்பதாவதில் அடிக்கடி என்று எழுதி, அதை அடித்துவிட்டு எப்போதும் என்று எழுதியிருந்தது. படிவம் வந்ததும் பார்த்து எழுதத் தயாராக வைத்திருக்கிறாள். கடைசியில், 'வேறு ஏதேனும் சொல்ல விரும்பினால்' என்ற இடத்துக்காக நாலு வரி.

'போன மாதம் ஒரு பிரசவத்தில் ஊசியில் மருந்து ஏற்றிக் கையில் வைத்துக்கொண்டு, போட்டுவிட்டேனா இனிமேல்தான் போட வேண்டுமா என்று தெரியாமல் நின்றேன். இருசாயி அம்மா இன்னும் போடலீங்க என்று சொன்னார்கள். அவர்கள் அங்கே இல்லாமல் இருந்தால் என்ன செய்திருப்பேன் என்று தினமும் நினைக்கிறேன். என் குழந்தை முகம் போனைப் பார்த்தால்தான் ஞாபகம் வருகிறது. எனக்குக் கொஞ்ச நாள் தூங்க வேண்டும்.'

கையில் பிசைந்த சோறு அப்படியே இருந்தது. ரோஸ்லின் தாளை இருந்த மடிப்பிலேயே மடித்துத் தலையணை ஓரத்தில் செருகினாள். தட்டைக் கழுவிக் கவிழ்த்தாள். நேராக டாக்டர் அறைக்குப் போனாள்.

டாக்டர் விவேக்குக்கு இருபத்தேழு வயது, சேலத்துக்காரர். எல்லோரையும் கிண்டல் செய்துகொண்டே வேலை வாங்குகிறவர். அவள் சொன்னதை முழுக்கக் கேட்டார். கிண்டல் எதுவும் வரவில்லை.

"லிஸ்ட் போன வாரமே வந்துருச்சு சிஸ்டர். நம்ம சென்டருக்கு நேரா சைபர். மீட்டிங்ல எழுந்து நிக்கச் சொல்லிக் கைகூடத் தட்டுனாங்க, மலைமேல இவ்வளவு சந்தோஷமா இருக்காங்கன்னு." பேனா மூடியைக் கழற்றி மாட்டினார். "பதிலுக்கு அனுப்பற ஸ்டாஃப் கீழ வேற சென்டருக்குப் போயாச்சு."

"நான்தான் எழுதினேன்னு லெட்டர் தர்றேன் சார். அவ உண்மையான பதிலு எழுதி வச்சிருக்கா. அதை அவகிட்டக் கேட்டு வாங்கி அனுப்புவோம்."

"இன்னொருத்தர் கையெழுத்த நீங்க போட்டிருக்கீங்க. லெட்டர் குடுத்தா முதல்ல உங்களுக்குத்தான் மெமோ வரும். அந்தப் பொண்ணுக்குப் பதினஞ்சு நாள் வருதோ இல்லையோ, அது வரும்."

"வரட்டும் சார்."

விவேக் பேனாவை மேசைமேல் வைத்தார். "எனக்கும் ஒரு ஃபாரம் வந்துச்சு. நானும் எல்லாத்துக்கும் இல்லைன்னுதான் போட்டேன். ஒரு நிமிஷம்கூட யோசிக்கல."

ரோஸ்லின் கடிதம் எழுதிக் கொடுத்தாள். அது அன்றே பஸ்ஸில் போனது. இரண்டு நாள் கழித்து டாக்டருக்குத் தொலைபேசியில் பதில் வந்தது: ரோஸ்லினிடம் எழுத்துமூலம் விளக்கம் கேட்கப்படும், மற்றபடி, அடுத்த கணக்கெடுப்பு ஆறு மாதம் கழித்து, அப்போது பார்க்கலாம். தன் அதிகாரத்துக்குள் கிருஷ்ணகுமாரிக்கு ஐந்து நாள் விடுப்பு தர முடியும் என்றார் விவேக், அந்த ஐந்து நாளுக்கு ஆள் இருந்தால்.

"நான் இருக்கேன் சார்."

"அஞ்சு நாளு, ராவும் பகலுமா, ஒரே ஆளு?"

"அஞ்சுல ஒண்ணும் ஆயிராது."

"அதான், நீங்க எழுதுன ஃபாரம்படி பாத்தா உங்களுக்கு ஒண்ணுமே ஆகாது" என்றார் விவேக். சொன்ன பிறகு அவருக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. "ரெண்டு ராத்திரி நான் பாத்துக்கறேன். நீங்க போய்ப் படுக்கணும். இது ஆர்டர்."

பதிலுக்குக் காத்திருந்த அந்த இரண்டு நாளும் எட்டு மணிக்கு எட்டு மணி கிருஷ்ணகுமாரியைப் பார்க்கும்போது ரோஸ்லின் கையில் ஏதாவது வேலையை வைத்துக்கொண்டாள். காஸ் டிரம்மை எண்ணினாள். எண்ணினதையே எண்ணினாள். கிருஷ்ணகுமாரி வாசலில் நின்றபடி, "தடுப்பூசி வண்டி வந்துச்சுங்களா?" என்று மட்டும் ஒரு தடவை கேட்டாள். ரோஸ்லின் இன்னும் வரவில்லை என்று தலையாட்டினாள். வண்டி வராதது உண்மைதான்.

சனிக்கிழமை காலை, வார்டைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொள்ளச் சொல்லி இருசாயியை உட்காரவைத்துவிட்டு, கிருஷ்ணகுமாரியை வீட்டுக்கு வரச்சொன்னாள். அவள் நுழைந்தபோது கட்டில்மேல் அவளுடைய பை தயாராக இருந்தது. பக்கத்தில் புளிச்சோற்றுப் பொட்டலம், வளைவில் குமட்டினால் முகர்ந்து பார்க்க ஓர் எலுமிச்சம்பழம், பெரிய பாட்டிலில் தண்ணீர்.

"என்னங்கக்கா இது?"

"அஞ்சு நாளு லீவு. டாக்டர் போட்டுட்டாரு. எட்டே முக்கால் பஸ்ஸுக்குப் போ. புள்ளயப் பாரு. நல்லாத் தூங்கு."

கிருஷ்ணகுமாரி கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்தாள். முகம் ஒரு நிமிஷம் சின்னப் பெண்ணின் முகம் போல ஆயிற்று. "அஞ்சு நாளுங்களா! நாளைக்குக் காத்தால அது எந்திரிக்கறப்ப நான் பக்கத்துல இருப்பனுங்க." உடனே பையின் ஜிப்பைத் திறந்து பார்த்தாள். "அப்ப அந்தப் பதினஞ்சு நாளு, ஃபாரம் வந்தாக் கெடைக்கறது? இதுல கழிச்சிருவாங்களா?"

ரோஸ்லின் நின்றபடியே சொன்னாள். படிவம் வந்தது எந்தக் கிழமை, எத்தனை மணி, அவள் எப்போது படுத்தாள், எதற்காக எழுப்பவில்லை, என்ன எழுதினாள், கையெழுத்தை யார் போட்டது என்று டூட்டியை ஒப்படைக்கிறவள் போல எதையும் விடாமல் சொன்னாள். கடிதம் கொடுத்ததையும், ஆறு மாதம் என்று பதில் வந்ததையும் சொன்னாள். கட்டிலுக்கடியில் கிடந்த தாளைப் படித்ததையும் சொன்னாள்.

வெளியே பலா இலைகளிலிருந்து பனி சொட்டிக்கொண்டிருந்தது.

"என்னை எழுப்பியிருக்கலாமில்லீங்க?"

"நீ அசந்து தூங்கிட்டு இருந்த கண்ணு. ராத்திரி ரெண்டு கேஸு. மனசு வரல."

"எழுப்பியிருக்கலாமுங்க."

"தப்புதான்."

"அன்னிக்குக் கேட்டப்பவாச்சும் சொல்லியிருக்கலாமுங்க. வரும்னு சொன்னீங்க. நான் அதை நெனச்சுக்கிட்டேதான் மூணு ராத்திரி ஓட்டினனுங்க."

கிருஷ்ணகுமாரி அழவில்லை. கோபமாகவும் பேசவில்லை, அத்தனை தூரத்துக்கு அவளிடம் தெம்பு இருந்ததாகத் தெரியவில்லை. எலுமிச்சம்பழத்தை எடுத்து உள்ளங்கையில் உருட்டிவிட்டுப் பையில் போட்டாள். பொட்டலத்தையும் போட்டாள். தலையணை ஓரத்திலிருந்து காலண்டர் தாளை எடுத்து, கிழிக்கப்போகிறவள் போலப் பிடித்து, கிழிக்காமல் பர்ஸுக்குள் வைத்தாள். எழுந்து, அன்றும் மாறிப்போட்டிருந்த பொத்தானைக் கண்ணாடியைப் பார்த்துச் சரிசெய்தாள்.

பஸ் மேல் வளைவில் ஹாரன் அடித்தது. இன்னும் பத்து நிமிஷம் இருக்கிறது.

"உங்க ஃபாரத்துல என்னங்க போட்டீங்க?" என்று கண்ணாடியைப் பார்த்தபடியே கேட்டாள்.

"அதேதான்."

"எல்லாத்துக்குமுங்களா?"

"எல்லாத்துக்கும்."

கிருஷ்ணகுமாரி திரும்பினாள். மாதக்கணக்கில் ஒரே கட்டிலில் மாறி மாறிப் படுத்தவர்கள். பகல் வெளிச்சத்தில், இரண்டு பேரும் விழித்திருக்க, அந்த அறையில் இப்படி எதிரெதிரே நிற்பது இதுதான் முதல் தடவை என்று ரோஸ்லினுக்குத் தோன்றியது.

"அந்த ஒம்பதாவது கேள்விக்குமுங்களாக்கா, மனசுல இருக்கறதச் சொல்ல ஆளு இல்லியான்னு கேட்டதுக்கும்? நெசமாவே அப்படித்தானுங்களா உங்களுக்கு?"

ரோஸ்லின் கட்டிலருகே குனிந்து போர்வையை எடுத்தாள். இரண்டாக மடித்தாள். ஓரம் உள்ளே போகும்படி இன்னொரு மடிப்பு மடித்து, உள்ளங்கையால் அழுத்தித் தேய்த்தாள். தேய்த்த இடத்தையே மறுபடி தேய்த்தாள்.

கிருஷ்ணகுமாரி பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நின்றாள். பஸ் இரண்டாம் தடவை ஹாரன் அடிக்கும்வரை நின்றாள். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு, கதவைச் சாத்தாமல் வெளியே போனாள்.